ஓயாத ஓட்டம்

நுழையும்முன்

விளையாட்டு வீரரின் வாழ்வைப் பதக்கங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். வென்ற பதக்கம் திரும்பப் பெறப்பட்டால், அதற்காக உழைத்த உழைப்பும் இல்லையென்று ஆகிவிடுமா? புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, ஆசிய விளையாட்டுப் போட்டியின் பதக்க மேடை வரை சென்று, அங்குப் பெற்றதை இழந்து, பின்னர்ப் பயிற்றுநராக நிலைபெற்ற ஓட்ட வீராங்கனை சாந்தி சௌந்தரராஜனின் வாழ்க்கை இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

பிறந்த மண்

புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கண்மாய்களில் நீர் நிறைந்தால் வேளாண்மை நடக்கும். மழை பொய்த்தால் கூலி உழைப்பாளர் வேறு தொழில் தேடிச் செல்வர். வறட்சி மிகுந்த இம்மண்ணுக்குப் பெண்களின் முன்னேற்ற வரலாற்றில் தனியிடம் உண்டு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், ஆண்கள் மட்டுமே பயின்றுவந்த மன்னர் கல்லூரியில் இடம்பெற்றுப் படித்து, பின்னர் மருத்துவராகவும் சமூகச் சீர்திருத்தவாதியாகவும் விளங்கினார். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்தில் பரவியபோது, சிற்றூர்ப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். தாம் விரும்பிய இடத்திற்குத் தாமே செல்லும் உரிமையாக அவர்கள் அதனைக் கருதினர்.

அக்காலத்தில் கத்தக்குறிச்சி என்னும் ஊரில் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவர் சாந்தி. 1981இல் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த குடும்பம் ஒன்றில், ஐந்து பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். பெற்றோர் செங்கற்சூளைத் தொழிலாளர்கள். மண் குழைத்து, அச்சில் கல் அறுத்து, வெயிலில் காயவைத்துச் சூளையில் அடுக்கும் வேலைக்காக அவர்கள் வெளியூர் செல்லும் நாள்களில், தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பு சாந்தியைச் சேர்ந்தது. அவர்கள் வாழ்ந்த குடிசையில் மின்விளக்கு இல்லை, குழாய்நீரும் இல்லை.

தாத்தா வாங்கித் தந்த காலணி

சாந்தியின் தாத்தா நல்ல ஓட்டக்காரர். பேத்திக்குப் பதின்மூன்று வயதானபோது, குடிசைக்கு வெளியே இருந்த மண்தரையில் அவரே ஓடக் கற்றுக்கொடுத்தார். ஓடுவதற்கென முதன்முதலாக ஓர் இணைக் காலணியும் வாங்கித் தந்தார். எட்டாம் வகுப்பில் பங்கேற்ற முதல் போட்டியிலேயே சாந்தி கோப்பை வென்றார். தொடர்ந்து பள்ளிகளுக்கிடையேயான போட்டிகளில் மேலும் பதின்மூன்று கோப்பைகளைப் பெற்றார்.

அருகிலிருந்த உயர்நிலைப்பள்ளி ஒன்றின் விளையாட்டுப் பயிற்றுநர் இத்திறமையைக் கண்டறிந்து, தம் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். கல்விக்கட்டணத்தையும் சீருடையையும் உணவையும் பள்ளியே ஏற்றது. சாந்தி நாள்தோறும் மூன்று வேளையும் உண்ணத் தொடங்கியது அப்பொழுதுதான். திறமை எங்கும் பிறக்கக்கூடும். அது வளர்வதற்குச் சோறும் பள்ளியும் அக்கறையுள்ள ஆசிரியரும் வேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. பின்னர்ப் புதுக்கோட்டையில் கல்லூரி ஒன்றில் உதவித்தொகையுடன் சேர்ந்த அவர், அடுத்த ஆண்டு சென்னையில் உள்ள கல்லூரிக்கு மாறினார்.

இரண்டு சுற்றுகள்

சாந்தி தேர்ந்துகொண்டது நடுத்தொலைவு ஓட்டம். அதிலும் 800 மீட்டர் ஓட்டம் மிகக் கடினமானது. 400 மீட்டர் ஓடுபாதையை இருமுறை சுற்ற வேண்டும். முதல் வளைவு வரை ஒவ்வொருவரும் தமக்குரிய பாதையில் ஓடுவர். அதன்பின் அனைவரும் உட்புறப் பாதையை நோக்கி நெருங்குவர். அந்நெருக்கத்தில் இடம்பிடிக்கும் கூர்மை வேண்டும். முதல் சுற்றில் வேகத்தை மிகுத்தால் இரண்டாம் சுற்றின் இறுதியில் கால்கள் கனத்துப்போகும். குறைத்தால் முன்னே செல்பவரை எட்ட இயலாது. குறுந்தொலைவு ஓட்டக்காரரின் விரைவும் நெடுந்தொலைவு ஓட்டக்காரரின் தாங்குதிறனும் ஒருவரிடமே அமைய வேண்டும்.

2005இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில், இவ்வோட்டத்தில் சாந்தி வெள்ளிப்பதக்கம் வென்றார். 2006இல் கொழும்பில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 1500 மீட்டர் ஓட்டத்திலும் 4 × 400 மீட்டர் தொடரோட்டத்திலும் தங்கமும், 800 மீட்டரில் வெள்ளியும் பெற்றார். நாட்டுக்காக அவர் வென்ற பன்னாட்டுப் பதக்கங்கள் 12.

தோகாவில் நிகழ்ந்தது

2006 டிசம்பரில் கத்தார் நாட்டின் தோகா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. மகளிர் 800 மீட்டர் இறுதி ஓட்டத்தில் பஹ்ரைன் வீராங்கனை மரியம் யூசுப் ஜமால் முதலிடம் பெற்றார். கசகசுதான் வீராங்கனை விக்டோரியா யாலோவ்சேவாவை முந்திச் சாந்தி இரண்டாமிடம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 3.16 நொடி. ஒவ்வொரு 100 மீட்டரையும் சராசரியாக 15.4 நொடியில் கடந்தார் என்பது இதன் பொருள்.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. ஓட்டத்திற்குப் பின் சாந்தி பாலினச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். அவர் தேறவில்லை என்று கூறிப் பதக்கம் திரும்பப் பெறப்பட்டது. அவர் ஊக்கமருந்து உட்கொள்ளவில்லை, எவரையும் ஏமாற்றவுமில்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாகவே ஓடியவர் அவர். ஒருவருடைய உடல் பற்றிய மருத்துவச் செய்தி மறைவாகக் காக்கப்பட வேண்டியது. ஆனால், அது ஊடகங்களின் வழியே நாடெங்கும் பரவியது. ஊருக்குத் திரும்பிய வீராங்கனையை வரவேற்றது கேள்விகளும் ஏளனமும்தாம். அவருடைய ஓட்டப் போட்டி வாழ்வு 25ஆம் வயதில் முடிந்தது.

தெரிந்து தெளிவோம்

மனித உடலின் பால்கூறுகளை நிறப்புரி, இயக்குநீர், உடலுறுப்புகளின் வளர்ச்சி எனப் பல காரணிகள் தீர்மானிக்கின்றன. இவை எல்லாரிடமும் ஒரே வகையில் அமைவதில்லை. விளையாட்டில் ஆடவர், மகளிர் எனத் தனித்தனிப் பிரிவுகள் இருப்பதால், மகளிர் பிரிவில் போட்டியிடத் தகுதி யாது என்னும் வினா எழுகிறது. 1960களின் பிற்பகுதி முதல் வீராங்கனையர் அனைவருக்கும் பாலினச் சோதனை நடத்தப்பட்டது. அறிவியல் அடிப்படையிலும் மனித மாண்பின் அடிப்படையிலும் எதிர்ப்பு எழுந்ததால், 2000 சிட்னி ஒலிம்பிக்கிற்கு முன் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அதனைக் கைவிட்டது. ஐயம் எழுப்பப்பட்டவரை மட்டும் சோதிக்கும் முறை பின்னரும் தொடர்ந்தது.

தனியொருவர் அல்லர்

இத்துன்பத்தை அடைந்தவர் சாந்தி மட்டுமல்லர். ஸ்பெயின் நாட்டுத் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினேஸ் பத்தீன்யோ 1985இல் ஜப்பானின் கோபே நகரில் இத்தகைய சோதனையை எதிர்கொண்டார். அச்செய்தி வெளியானபின் பதக்கங்களையும் சாதனைகளையும் இழந்தார். இடைவிடாது போராடி 1988இல் போட்டியிடும் உரிமையை மீண்டும் பெற்றார். 2009இல் தென்னாப்பிரிக்க வீராங்கனை காஸ்டர் செமன்யா மீது இதேபோன்ற ஐயம் எழுப்பப்பட்டபோது, அவருடைய நாடே அவருக்குத் துணையாக எழுந்தது. அவர் வென்ற உலகத் தங்கப்பதக்கம் அவரிடமே இருந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் அவர் 800 மீட்டரில் தங்கம் வென்றார்.

ஒடிசாவைச் சேர்ந்த துத்தி சந்த் 2014இல் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார். அவர் விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் முறையிட்டார். இயற்கையாக உடலில் சுரக்கும் இயக்குநீரின் அளவைக் கொண்டு வீராங்கனையரை விலக்கிய விதியை, 2015இல் அந்நீதிமன்றம் நிறுத்திவைத்தது. துத்தி 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இரண்டு வெள்ளிப்பதக்கங்களை வென்றார். செமன்யாவுக்கும் துத்திக்கும் கிடைத்த துணை 2006இல் சாந்திக்குக் கிடைக்கவில்லை.

விதிகள் அதன்பின்னும் பலமுறை மாறியுள்ளன. மகளிர் பிரிவில் போட்டி நேர்மையாக நடைபெற வரையறை வேண்டும் என்பது ஒரு சாராரின் கருத்து. இயற்கையாக அமைந்த உடலுக்காக ஒருவரை விலக்குவது முறையன்று என்பது மற்றொரு சாராரின் கருத்து. இவ்விவாதம் இன்னும் முடியவில்லை. எனினும், எந்த விதியை வகுத்தாலும் அதனைச் செயற்படுத்தும்போது ஒருவரின் மறைவுரிமையும் மானமும் காக்கப்பட வேண்டும் என்பதை இரு சாராரும் மறுக்க இயலாது.

மீண்டும் களத்தில்

தமிழ்நாடு அரசு சாந்திக்கு 15 இலட்சம் ரூபாய் பரிசு வழங்கியது. புதுக்கோட்டையில் ஒப்பந்த அடிப்படையில் பயிற்றுநர் பணியும் கிடைத்தது. தமக்கு மூடப்பட்ட ஓடுபாதையில் பிறரை ஓடவைக்க அவர் முடிவு செய்தார். 2009ஆம் ஆண்டில் அவரிடம் 68 மாணவர்கள் பயின்றனர். சென்னையில் நடைபெற்ற மாரத்தான் ஓட்டத்தில் அவருடைய மாணவர்கள் முதலிடமும் மூன்றாமிடமும் பெற்றனர்.

ஒப்பந்தப் பணியின் வருவாய் குடும்பத்தைத் தாங்கப் போதவில்லை. 2012இல் அவர் பெற்றோர் உழைத்த அதே செங்கற்சூளையில் நாளொன்றுக்கு 200 ரூபாய் கூலிக்குக் கல் சுமந்தார். நாட்டின் சீருடை அணிந்து ஓடிய ஒருவர் சூளையில் நிற்கும் செய்தி வெளியானபோது பலரும் வருந்தினர். உழைப்பில் இழிவு ஏதுமில்லை. அறிந்த கலையைக் கற்பிக்கும் வாய்ப்பை ஒருவரிடமிருந்து பறித்து, அவரை மறந்துவிடுவதே இழிவு.

இதன்பின் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்றுநர் பட்டயப்படிப்பில் சேரும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அதனை நிறைவு செய்து திரும்பினார். தொடர்ந்த முறையீடுகளின் பயனாக, 2016இல் தமிழ்நாடு அரசு அவருக்கு நிரந்தரப் பயிற்றுநர் பணியை வழங்கியது. தோகாவில் இழந்த பதக்கத்தையும் நற்பெயரையும் மீட்கும் முயற்சியையும் அவர் கைவிடவில்லை.

நாம் கற்க வேண்டியது

தாத்தாவின் காலணியும் பயிற்றுநரின் அக்கறையும் பள்ளி தந்த உணவும் சேர்ந்து ஒரு சிறுமியைத் தோகா வரை கொண்டுசென்றன. அவர் தளர்ந்து திரும்பிய நாளில் அத்தகைய கைகள் மிகச்சிலவே நீண்டன. வென்றவரைத் தோளில் தூக்குவது எளிது. குற்றமின்றித் தண்டிக்கப்பட்டவரோடு நிற்பது கடினம். உடல்தோற்றத்தையோ குரலையோ நடையையோ காட்டி வகுப்புத் தோழர் ஒருவரை ஏளனம் செய்யும் பேச்சு எழும்போது, சாந்தியை நினைவில் கொள்ளுங்கள். அவ்வேளையில் நீங்கள் யாருடன் நிற்கிறீர்கள் என்பதில்தான் இப்பாடத்தின் பயன் இருக்கிறது.

பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இன்று இல்லை. எனினும் 2 நிமிடம் 3.16 நொடியில் அவர் ஓடிக்கடந்த 800 மீட்டர் பொய்யாகிவிடவில்லை. அவ்வோட்டத்தை அவர் தம் மாணவர்களுக்குக் கற்பித்துக்கொண்டிருக்கிறார்.

சொல்லும் பொருளும்

நடுத்தொலைவு ஓட்டம் – 800 மீட்டர், 1500 மீட்டர் போன்ற ஓட்டங்கள்
தாங்குதிறன் – களைப்பைப் பொறுத்துத் தொடரும் ஆற்றல்
இயக்குநீர் – உடலின் வளர்ச்சியையும் இயக்கத்தையும் ஒழுங்குபடுத்தும் சுரப்பு
மறைவுரிமை – தனிவாழ்வுச் செய்திகள் வெளிப்படாமல் காக்கும் உரிமை

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியிலோ ஊரிலோ விளையாட்டில் சிறந்து விளங்கும் மாணவி ஒருவரைச் சந்தித்து, அவருக்குக் கிடைத்த துணையையும் சந்தித்த தடைகளையும் ஒருபக்க அளவில் எழுதுக.
2. 'விளையாட்டில் நேர்மையும் மனித மாண்பும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா: 800 மீட்டர் ஓட்டம் கடினமானதாகக் கருதப்படுவது ஏன்?
சிறுவினா: சாந்தியின் பள்ளிப்பருவ வளர்ச்சிக்குத் துணைநின்றவர்கள் குறித்து எழுதுக.
நெடுவினா: சாந்தி, துத்தி சந்த், காஸ்டர் செமன்யா ஆகியோர் எதிர்கொண்ட நிலைகளை ஒப்பிட்டு, சமூகத்தின் துணை ஒருவரின் வாழ்வை எவ்வாறு மாற்றுகிறது என்பதை விளக்குக.