மொறுமொறு மசாலா வெண்டைக்காய்: பயனுள்ள 20 குறிப்புகள்

சாம்பார் சாதமோ, ரசம் சாதமோ, தயிர் சாதமோ, பக்கத்தில் காரசாரமாகப் பொரித்த வெண்டைக்காய் இருந்தால் சாப்பாடு களைகட்டிவிடும். வட இந்தியச் சமையலில் ‘குர்குரி பிண்டி’ என்று பேர் பெற்ற வறுவல் இது. பருப்பும் சாதமும், சப்பாத்தியும் பருப்புமாக எதனோடும் பொருந்தும். தேவைப்படும் பொருள்கள் எல்லாம் வீட்டில் இருப்பவைதான். ஆனாலும் பல வீடுகளில் இது கொழகொழவென்று போய்விடுகிறது, அல்லது எண்ணெய் குடித்துத் துவண்டுவிடுகிறது. காரணம் ஈரம். வெண்டைக்காயின் வழவழப்பு என்பது நீரில் கரையும் ஒரு பிசின். தண்ணீர் பட்டால் அது நூல் நூலாக இழுக்கும். தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால், அதே பிசின் மாவையும் மசாலாவையும் காயோடு பிடித்து நிறுத்தும். கடையில் வாங்குவதில் தொடங்கி இலையில் பரிமாறுவது வரை ஈரத்தைக் கையாளத் தெரிந்துவிட்டால், இந்த வறுவல் யார் கைக்கும் வரும்.

வாங்கும்போது

1. பிஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். 3 முதல் 4 அங்குல நீளமுள்ள, ஒல்லியான காய்களே வறுவலுக்கு ஏற்றவை. வெண்டை பூத்த 4 முதல் 6 நாள்களுக்குள் பறித்தால்தான் பிஞ்சாக இருக்கும். அதற்கு மேல் செடியில் நின்றால் நார் ஏறிவிடும். நார் ஏறிய காயை எவ்வளவு நேரம் பொரித்தாலும் வாயில் சக்கைதான் மிஞ்சும்.

2. எல்லாக் காயின் நுனியையும் ஒடித்துப் பார்க்க வேண்டாம். குவியலில் ஒன்றிரண்டை ஒடித்துப் பார்த்தால் போதும். ‘டக்’கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து கொடுத்தால் முற்றல். ஒடித்த இடத்தில் ஈரம் கசிந்து சீக்கிரம் கறுத்துவிடும் என்பதால் மற்றவற்றை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். காம்பு பச்சையாகவும், தோலில் மெல்லிய சுணையும் இருந்தால் காய் புதியது.

3. வாங்கி வந்ததும் கழுவி ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கம் வெண்டைக்காய்க்கு ஒத்துவராது. கழுவாமல், உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றிக் காய்கறித் தட்டில் வையுங்கள். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வெண்டைக்காய் தாங்காது. தோலில் கரும்புள்ளிகள் விழும், தொட்டால் பிசுபிசுக்கும். அதனால் மேல் தட்டில், குளிர் அதிகமுள்ள இடத்தில் வைக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள்களுக்குள் சமைத்துவிடுவது நல்லது.

கழுவும்போது, நறுக்கும்போது

4. முழுக் காயாகத்தான் கழுவ வேண்டும். நறுக்கிய பிறகு கழுவவே கூடாது. ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு காயையும் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். வரப்புகளுக்கு இடையில்தான் மண்ணும் மருந்தும் தங்கும். காம்பைக் கிள்ளாமல் கழுவினால் உள்ளே தண்ணீர் இறங்காது.

5. கழுவிய காயை வடிதட்டில் சாய்த்து வைத்துவிட்டு, பிறகு பருத்தித் துணியால் ஒவ்வொன்றாகத் துடையுங்கள். துடைத்தவற்றைத் துணியில் பரப்பி மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம் விடுங்கள். காலையில் டிபன் பாக்ஸுக்குச் செய்வதாக இருந்தால், முந்தின இரவே கழுவித் துடைத்து, துணியில் பரப்பி வைத்துவிடலாம். இந்தப் பொறுமைதான் மொறுமொறுப்பில் பாதி.

6. கத்தி, பலகை, கை மூன்றும் உலர்ந்திருக்கட்டும். நான்கைந்து காய் நறுக்கியதும் கத்தியில் பிசின் ஏறும். அதைக் கழுவாமல், உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

7. காம்பையும் நுனியையும் நீக்கி, நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். காய் நீளமாக இருந்தால் முதலில் இரண்டாக வெட்டிக்கொள்ளலாம். மெல்லிய கீற்றாக இருந்தால் ஈரம் வெளியேற வழி கிடைக்கும். காயைக் கீறாமல் முழுதாக எண்ணெயில் போடவே கூடாது. உள்ளே அடைபட்ட நீராவி காயை வெடிக்கச் செய்து, கொதிக்கும் எண்ணெயை நம் மேல் தெறிக்கவிடும்.

8. விதை சிறிதாக, வெண்மையாக இருந்தால் அப்படியே விடுங்கள். பருத்த விதையாக இருந்தால் கத்தி முனையால் வழித்து எடுத்துவிடுங்கள். நறுக்கிய கீற்றுகளைத் தாம்பாளத்தில் பரப்பி, இன்னும் 10 நிமிடம் காற்றாட விட்டால் வெட்டுமுகத்து ஈரம் சற்று வற்றும்.

மசாலா பிசிறும்போது

9. கால் கிலோ வெண்டைக்காய்க்கு அளவு இது: கடலை மாவு 3 மேசைக்கரண்டி, அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, மிளகாய்த் தூள் 1 தேக்கரண்டி, தனியாத் தூள் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் தூள் கால் தேக்கரண்டி, ஓமம் அரைத் தேக்கரண்டி, பெருங்காயம் இரண்டு சிட்டிகை, எலுமிச்சைச் சாறு 1 தேக்கரண்டி, உப்பு அரை முதல் முக்கால் தேக்கரண்டி. கடைசியில் தூவ ஆம்சூர் (உலர்ந்த மாங்காய்) பொடியும் கரம் மசாலாவும் கால் தேக்கரண்டி வீதம். ஓமத்தை உள்ளங்கையில் கசக்கிப் போட்டால் வாசனை எழும், கடலை மாவு செரிக்கவும் உதவும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

10. ஏன் இரண்டு மாவு? கடலை மாவு மணமும் பொன்னிறமும் தரும், ஆனால் தனியாகப் போட்டால் மேல்பூச்சு தடித்துச் சீக்கிரம் நமத்துவிடும். அரிசி மாவு சேர்ந்தால்தான் மொறுமொறுப்பு நிற்கும். அரிசி மாவுக்குப் பதில் சோள மாவும் போடலாம். மங்களூர், கோவா பக்கம் செய்வதுபோல ரவையில் புரட்டிப் பொரித்தால் கறுக்குமுறுக்கென்று வேறொரு சுவை கிடைக்கும்.

11. மாவைக் கரைக்காதீர்கள், பிசிறுங்கள். உப்பு நீங்கலாக எல்லாப் பொடியையும் முதலில் உலர்வாகக் கலந்துகொண்டு, அகலமான பாத்திரத்தில் இருக்கும் கீற்றுகள் மேல் பரவலாகத் தூவுங்கள். எலுமிச்சைச் சாற்றைத் தெளித்து, விரல்களால் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். பிசைந்தால் காய் நசுங்கி நீர் விடும். முதலில் மாவு தூசிபோல் வெளுப்பாகத் தெரியும். இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டுமுகத்துப் பிசின் மாவை இழுத்துக்கொள்ள, தூள் நனைந்து செம்மஞ்சளாக மாறும். பாத்திரத்தின் அடியில் உதிரி மாவு கொஞ்சமாக இருந்தால் பதம் சரி. நிறைய உதிர்ந்து கிடந்தால் மட்டும் விரல் நுனியால் சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள்.

12. உப்பு கடைசியில். உப்புப் பட்டதும் காய் நீர்விடத் தொடங்கும். நீர் விட்டால் மாவு கூழாகி, கீற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் காய்ந்த பிறகு, அந்த ஈட்டுக்கு வேண்டியதை மட்டும் தனியே எடுத்து உப்பு தூவிப் பிசிறி, உடனே எண்ணெயில் போடுங்கள். இரண்டாம் ஈட்டுக்கும் இதே முறைதான்.

13. இஞ்சி பூண்டு விழுது, தயிர், அரைத்த மசாலா எதுவும் இந்த வறுவலுக்கு வேண்டாம். அவை ஈரத்தைக் கூட்டும், எண்ணெயில் உதிர்ந்து கருகவும் செய்யும். பூண்டு மணம் விரும்பினால், தோலோடு நசுக்கிய நான்கு பல்லைத் தனியாகப் பொரித்து மேலே போடுங்கள்.

எண்ணெயில்

14. கடலை எண்ணெய் அல்லது ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெய் ஏற்றது. வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்ற வேண்டாம். சூடு 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு கீற்றைப் போட்டுப் பாருங்கள். குமிழ்கள் சூழ உடனே மேலே வந்தால் சரியான சூடு. அடியிலேயே கிடந்தால் இன்னும் காய வேண்டும். போட்டதும் சிவந்தால் தீயைக் குறைக்க வேண்டும்.

15. போடுவதற்கு முன் கீற்றுகளைச் சல்லடையில் இட்டு ஒரு தட்டுத் தட்டினால் உதிரி மாவு விழுந்துவிடும். எண்ணெயில் கசடு சேராது. கை நிறைய அள்ளிக் கொட்டாமல், பிரித்துப் பிரித்து உதிர்த்துப் போடுங்கள். வாணலி நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, காய் பொரிவதற்குப் பதில் எண்ணெய் குடிக்கும். முதல் அரை நிமிடம் கரண்டியால் தொடாமல் விடுங்கள். மாவு இறுகிய பிறகு திருப்பினால்தான் உரியாது.

16. பதத்தைக் காதால் கேளுங்கள். போட்டவுடன் ‘சளசள’வென்று பெரிய குமிழ்களாகப் பொங்குவது காயின் ஈரம் ஆவியாகும் சத்தம். மிதமான தீயில் நான்கைந்து நிமிடம் போனதும் குமிழ்கள் சிறுத்து, சத்தம் அடங்கும். ஜல்லிக் கரண்டியில் அள்ளிக் குலுக்கினால் கீற்றுகள் ‘கலகல’ என்று ஓசையிடும். அந்த ஓசை வந்தால் எடுத்துவிடலாம். நிறத்தை மட்டும் பார்த்து எடுத்தால் வெளியே சிவந்து உள்ளே ஈரம் நிற்கும். பிறகு ஐந்தே நிமிடத்தில் நமத்துவிடும்.

17. விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் இரு முறை பொரியுங்கள். முதல் முறை இளஞ்சிவப்பு வருவதற்கு முன்பே எடுத்துப் பரப்பி ஆறவிடுங்கள். சாப்பிட உட்காரும் நேரத்தில் எண்ணெயை நன்றாகக் காயவைத்து, ஒரு நிமிடம் மட்டும் மறுபடி போட்டு எடுங்கள். மொறுமொறுப்பும் கூடும், கடைசி நேரப் பரபரப்பும் இருக்காது.

பொரித்த பிறகு

18. எடுத்ததைக் காகிதத்தில் குவித்தால் அடியில் இருப்பது தன் ஆவியிலேயே வேகும். சல்லடையிலோ கம்பித் தட்டிலோ ஒற்றை அடுக்காகப் பரப்பி எண்ணெயை வடியவிடுங்கள். மூடி போடவே கூடாது. சூடு இருக்கும்போதே ஆம்சூர் பொடியையும் கரம் மசாலாவையும் தூவிக் குலுக்குங்கள். ஆம்சூர் இல்லாவிட்டால் சாட் மசாலா தூவலாம், அதில் உப்பு இருப்பதால் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதே எண்ணெயில் ஈரமில்லாத கறிவேப்பிலையும் கீறிய பச்சை மிளகாயும் பொரித்துப் போட்டால் நம் ஊர் மணம் வந்துவிடும். தயிர்ப் பச்சடி செய்வதானால் காயை வட்டமாக நறுக்கிப் பொரித்து, பரிமாறும்போது மட்டும் தயிரில் கலக்குங்கள். ஓண விருந்தான சத்யாவில் வரும் வெண்டைக்காய்க் கிச்சடிக்கும் பொரித்த காய்தான் ருசி.

19. எண்ணெய் குறைக்க நினைப்பவர்கள் பிசிறும்போது 2 தேக்கரண்டி எண்ணெய் சேர்த்து, ஏர் ஃபிரையரில் 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், நடுவில் ஒருமுறை குலுக்கிவிட்டு எடுக்கலாம். இரும்புத் தோசைக்கல்லில் பரப்பி, மூடாமல், சிறு தீயில் திருப்பித் திருப்பியும் வறுக்கலாம். வாணலியில் பொரித்தால், மீந்த எண்ணெயை ஆறவைத்து, துணியில் வடிகட்டித் தாளிப்புக்குச் சில நாள்களில் தீர்த்துவிடுங்கள். உணவு வணிகர்கள் பயன்படுத்திய எண்ணெயில் கெட்டுப்போன சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018இல் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் அளக்க முடியாது என்பதால் அடையாளம் பாருங்கள்: கறுத்து, தடித்து, நுரைத்து, சீக்கிரம் புகைந்தால் அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது. அதைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். பாட்டிலில் சேர்த்து அப்புறப்படுத்துங்கள்.

20. வேலையை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். சமையலறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக வெண்டைக்காயைக் கழுவித் துடைத்துக் காற்றில் பரப்புங்கள். அது உலர்வதற்குள் சாதமும் சாம்பாரும் ஆகிவிடும். பிறகு நறுக்கி, பொடிகளைத் தயாராகக் கலந்து வையுங்கள். பிசிறுவதையும் பொரிப்பதையும் எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். டிபன் பாக்ஸுக்கு என்றால் முழுக்க ஆறிய பிறகே மூடுங்கள். மீந்ததை மறுபடி சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், வெறும் தோசைக்கல்லில் இரண்டு நிமிடம் புரட்டினால் போதும். இந்த வரிசையில் செய்து பழகிவிட்டால், வேலை நாள் காலையிலும் மொறுமொறு வெண்டைக்காய் தட்டுக்கு வந்துவிடும்.