பொன்னும் ஏடும்

நுழையும்முன்

அரசர்கள் கலைகளை வளர்த்தனர் என்று வரலாற்றில் படிக்கிறோம். அவர்கள் வளர்த்தவற்றுள் காலத்தைக் கடந்து நிற்பது எது? ஐரோப்பாவை ஆண்ட பிராங்கிய மன்னர் இருவரின் வரலாற்றில் இதற்கு விடை தேடுவோம்.

கல்லறையில் கிடைத்த பொன்

ஐந்தாம் நூற்றாண்டில் மேற்கு உரோமைப் பேரரசு வீழ்ந்தது. அதன் நிலப்பகுதிகளில் பல இனத்தார் தத்தம் அரசுகளை நிறுவினர். அவருள் வலிமை பெற்று எழுந்தவர் பிராங்கியர். அவர்தம் மன்னர் சில்டெரிக் ஏறத்தாழ கி.பி. 481இல் மறைந்தார். இன்றைய பெல்ஜிய நாட்டின் தூர்னே நகரில் அவரைப் பெருஞ்செல்வத்துடன் அடக்கம் செய்தனர்.

1653இல் கட்டடப் பணிக்காக மண்ணைத் தோண்டியபோது அக்கல்லறை வெளிப்பட்டது. மன்னரின் பெயர் பொறித்த முத்திரை மோதிரமும், செம்மணிகள் இழைத்த வாளும், ஏறத்தாழ முந்நூறு பொன் தேனீக்களும் கிடைத்தன. பொன் தகட்டால் சிறுசிறு அறைகள் அமைத்து, ஒவ்வோர் அறையிலும் செம்மணியை அளவாக வெட்டிப் பதிப்பது அக்காலப் பொற்கொல்லரின் கைவண்ணம். அம்மணிகளுள் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவை என்று ஆய்வாளர் கண்டுள்ளனர்.

அச்செல்வம் பின்னர்ப் பாரிஸ் நகரின் அரச நூலகத்தை அடைந்தது. 1831இல் கள்வர் அதனைக் கவர்ந்து, பெரும்பகுதியை உருக்கிவிட்டனர். முந்நூறு தேனீக்களுள் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே. ஆயினும் அழிந்த அணிகளின் உருவத்தை நாம் அறிவோம். எவ்வாறு? ஷிஃப்லே என்னும் மருத்துவர் அவற்றைப் படங்களுடன் விளக்கி 1655இல் நூலொன்று வெளியிட்டிருந்தார். பொன் அழிந்தது, ஏடு அதனைக் காத்தது.

ஏடு வளர்த்த பேரரசர்

பிராங்கிய மன்னருள் பெரும்புகழ் பெற்றவர் சார்லமேன். 768இல் அரியணை ஏறிய அவர், 800ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் உரோமை நகரில் பேரரசராக முடிசூட்டப்பெற்றார். ஆகன் நகரில் எண்கோண வடிவில் அவர் எழுப்பிய வழிபாட்டிடம் இன்றும் நிற்கிறது. அதன் தூண்களை உரோமையிலிருந்தும் இரவென்னாவிலிருந்தும் வரவழைத்தார்.

அவர் ஏடுகளையும் பேணினார். கையால் படியெடுக்கப்பட்ட நூல்களில் பிழைகள் மலிந்திருந்தன. எழுத்து வடிவமும் மடத்துக்கு மடம் வேறுபட்டது. நூல்களைத் திருத்தவும், சிறுவர் கற்கப் பள்ளிகள் அமைக்கவும் 789இல் அவர் ஆணையிட்டார். இங்கிலாந்தைச் சேர்ந்த அல்குவின் முதலிய அறிஞரை அவைக்கு அழைத்தார். எழுத்துகள் தெளிவாகவும் சொற்கள் இடைவெளியுடனும் அமைந்த புதிய எழுத்துமுறை அக்காலத்தில் பரவியது. அதற்குக் கரோலிங்கியச் சிற்றெழுத்து என்று பெயர். ஆங்கிலப் பாடநூலில் நீங்கள் காணும் சிறிய எழுத்துகளுக்கு அதுவே மூதாதை.

781க்கும் 783க்கும் இடையில் சார்லமேனுக்காகவும் அரசி ஹில்டகார்டுக்காகவும் கொடெஸ்கால்க் என்பவர் ஒரு நற்செய்தி ஏட்டை எழுதினார். ஊதா வண்ணம் ஏற்றிய தோலேட்டில் பொன் மையும் வெள்ளி மையும் கொண்டு அது எழுதப்பட்டது. இன்று அது பாரிஸ் நகரத் தேசிய நூலகத்தில் உள்ளது.

தலையணைக்கீழ் எழுதுபலகை

சார்லமேனின் வரலாற்றை எழுதியவர், அவரது அவையில் வாழ்ந்த ஐன்ஹார்ட். பேரரசர் எழுதக் கற்க விரும்பித் தம் தலையணையின்கீழ் எழுதுபலகைகளை வைத்திருந்தார் என்றும், ஓய்வு நேரத்தில் எழுத்துகளை எழுதிப் பழகினார் என்றும் அவர் கூறுகிறார். காலங்கடந்து தொடங்கியமையால் அம்முயற்சி பெரிதும் கைகூடவில்லை. பேரரசை ஆண்டவரும் எழுத்தின்முன் மாணவராக அமர்ந்தார்!

அவர் இலத்தீன் மொழியை நன்கு பேசினார்; எனினும் தாய்மொழியை மறக்கவில்லை. முன்னோரின் வீரத்தைப் போற்றிய பழம்பாடல்களை எழுதிவைக்கச் செய்தார். தாய்மொழிக்கு இலக்கணம் எழுதவும் தொடங்கினார். அப்பாடல் தொகுப்பும் அவ்விலக்கணமும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. இன்றைய பிரான்ஸ் நாட்டுப் பகுதியில் குடியேறிய பிராங்கியரின் வழியினர், நாளடைவில் தம் மொழியை விட்டு, அந்நிலத்தில் வழங்கிய மொழியையே பேசலாயினர். அவர்தம் பெயர் நாட்டின் பெயராக நிலைத்தது. அவர்தம் பாட்டுகள் மறைந்தன.

நாமும் வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறு மொழியும் பேசி வாழ்கிறோம். சிலர் இவ்வகுப்பில்தான் தமிழ் எழுத்துகளை முதன்முதலாக எழுதுகிறோம். நமக்குக் காலம் கடந்துவிடவில்லை. எழுதுபலகை நம் கையில் இருக்கிறது.

சொல்லும் பொருளும்

கைவண்ணம் – கைத்திறன்
தோலேடு – பதப்படுத்திய விலங்குத் தோலாலான ஏடு
படியெடுத்தல் – பார்த்து எழுதுதல்
மூதாதை – முன்னோர்

பயிற்சி

1. கோடிட்ட இடத்தை நிரப்புக: சார்லமேன் அரியணை ஏறிய ஆண்டு ________.
2. சில்டெரிக்கின் அணிகளது உருவத்தை நாம் இன்று எவ்வாறு அறிகிறோம்?
3. கரோலிங்கியச் சிற்றெழுத்தின் சிறப்புகள் இரண்டினை எழுதுக.
4. பிரித்து எழுதுக: பெருஞ்செல்வம், பழம்பாடல்.
5. செயல்பாடு: உங்கள் பாட்டியோ தாத்தாவோ பாடும் தாலாட்டு அல்லது சொல்லும் பழமொழி ஒன்றைக் கேட்டு, உங்கள் கையெழுத்தில் எழுதி வருக. அருகில் இல்லையெனில் தொலைபேசியில் கேட்டு எழுதலாம். சொன்னவரின் பெயரையும் ஊரையும் கீழே குறிப்பிடுக.