அந்த இடம் எந்த வரிசையைச் சேர்ந்தது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

ராசாவிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. ஆறாம் படிவப் பிள்ளைகளைக் கோலாலம்பூருக்குப் பல்கலைக்கழகம் பார்க்க அழைத்துப் போனார்கள், அங்கே எங்கு திரும்பினாலும் வெளிநாட்டு மாணவர்கள், ‘இவர்களுக்கெல்லாம் இடம் இருக்கிறது, எங்களுக்கு மட்டும் இல்லையா மாமா?’ என்று கேட்டிருக்கிறாய். உன் கோபத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது தவறான வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்ததும் நீ, அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யூ.பி.யூ. வழியாக விண்ணப்பிப்பாய். அந்த வரிசையில் மலேசியக் குடிமக்கள் மட்டும்தான் நிற்கலாம். தேர்வுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு என்று கூட்டி ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சீனாவிலிருந்து வருகிறவரும் இந்தோனேசியாவிலிருந்து வருகிறவரும் இந்த வரிசைக்கே வருவதில்லை. நேராகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப்போட்டு, உன்னைவிடப் பல மடங்கு கட்டணம் கட்டுகிறார்கள். உன் படிப்புச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. நீ பார்த்தவர்களில் கணிசமானோர் முதுகலை, முனைவர் பட்டத்துக்காக வந்தவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கும் உனக்கும் போட்டியே கிடையாது.

வெளிநாட்டு மாணவர்களை ஏன் இவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறார்கள்? 2015இல் வெளியான உயர்கல்விப் பெருந்திட்டம், 2025க்குள் 2,50,000 வெளிநாட்டு மாணவர்கள் வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதே திட்டம்தான் அரசாங்கப் பணத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள் என்று பல்கலைக்கழகங்களுக்குச் சொன்னது. கியூ.எஸ். உலகத் தரவரிசையில் வெளிநாட்டு மாணவர் விகிதத்துக்கென்றே மதிப்பெண் உண்டு. வருமானமும் வருகிறது, பெயரும் வருகிறது. எந்தத் துணைவேந்தர் வேண்டாம் என்பார்?

ஆகவே அவர்கள் வருவதை விட்டுவிட்டு, அவர்கள் உட்காருகிற நாற்காலி புதிதாகப் போட்டதா, இருந்த நாற்காலிகளிலிருந்து எடுத்ததா என்று கேள். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் இதை வெளிப்படையாக எழுதிவைத்தது: வெளிநாட்டு மாணவர்களுக்கு 25 விழுக்காடு வரை தரலாம், அது அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் கூடுதல் இடமாகத்தான் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் மருத்துவம் படிக்க இந்தியாவுக்குப் போய் அங்கே வெளிநாட்டு மாணவர்களாக உட்கார்ந்தவர்கள்தானே! இந்தக் கூடுதல் இடத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இடத்தைக் கூட்டிவிட்டு விரிவுரையாளரையும் ஆய்வுக்கூட மேசையையும் கூட்டாவிட்டால், கூடுதல் என்பது தாளில் மட்டும்தான். எங்கள் பக்கம் பெஸ்தாரி ஜெயாவில் (எனக்கு இன்னும் அது பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான்) இருக்கும் யுனிசெல் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் இந்தப் பேச்சே எழாது. அவை மாணவர்களைத் தேடிப் போகிற இடங்கள். சண்டை எல்லாம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில், அதிலும் மருத்துவம், சட்டம், கணக்கியல் போன்ற சில படிப்புகளில்தான்.

2025இல் நடந்ததை நீயும் படித்திருப்பாய். எஸ்.டி.பி.எம்.மில் 4.00 எடுத்த ஒரு பையன் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் கேட்டான். யூ.பி.யூ. வழியாகக் கிடைக்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் அதே படிப்பு, ‘சாத்து’ என்கிற திறந்த வழியில் அவனுக்குக் கிடைப்பதாக இருந்தது. செலவு சுமார் 87,000 ரிங்கிட். அவன் குடும்பத்தால் அது முடியவில்லை. இதில் வெளிநாட்டுக்காரர் எங்கே இருக்கிறார்? உள்ளூர்ப் பிள்ளைக்கே இரண்டு வரிசை: ஒன்றில் மதிப்பெண், இன்னொன்றில் மதிப்பெண்ணோடு பணமும். என்னைக் கேட்டால், ஒவ்வொரு படிப்புக்கும் யூ.பி.யூ.வுக்கு எத்தனை இடம், கட்டண வழிக்கு எத்தனை, வெளிநாட்டாருக்கு எத்தனை என்று ஆண்டுதோறும் பல்கலைக்கழகங்கள் வெளியிட வேண்டும். மூடிவைத்தால் சந்தேகம் வளரும்; அந்தச் சந்தேகம் கடைசியில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பையன் தலையில்தான் விடியும்.

இதைவிடப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1969 மே இனக் கலவரத்துக்குப் பிறகு, 1971இல் அரசியலமைப்பின் 153ஆம் பிரிவில் 8ஏ என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். உயர்கல்வி நிலையங்களில் மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் இடம் ஒதுக்க அது வழிசெய்தது. மலாய்க் கம்பத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலையே பார்க்காத காலம் அது. அந்தத் தேவையை நான் மறுக்க மாட்டேன். ஆனால் தோட்டத்து லயத்தில் இருந்தவனும் அந்த வாசலைப் பார்க்கவில்லை, அவனை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2002இல் ஒதுக்கீடு போய்த் தகுதிமுறை வந்தது என்றார்கள். வந்ததோ இரண்டு அளவுகோல்: ஒருவர் அரசாங்கத்தின் ஓராண்டுப் பல்கலைக்கழக முன்படிப்பான மெட்ரிகுலேஷன் படிக்கிறார், இன்னொருவர் ஒன்றரை ஆண்டு எஸ்.டி.பி.எம். படிக்கிறார், இருவரும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிறார்கள். மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு இடம் பூமிபுத்ராவுக்கு (மலாய்க்காரர், பூர்வகுடிகள்), 10 விழுக்காடு மற்றவர்களுக்கு. 2019இல் இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக்கியபோதும் அந்த விகிதம் அசையவில்லை. 2024இல், ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் 10ஏவும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இனத்தவருக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று பிரதமர் அறிவித்தார். நல்லதுதான். ஆனால் தோட்டப்புறப் பள்ளியில் 7ஏ எடுக்கிற பிள்ளைக்கு அது எட்டாது. டியூஷன் வசதி இல்லாமல் அந்த 7ஏ எடுக்க என்ன பாடு என்று உனக்கே தெரியும்.

இனி உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். உன்னோடு படிக்கிற தோழிக்கு நீல ஐசி (குடிமக்களின் அடையாள அட்டை) இல்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு உறுத்தியது அந்த வரிதான். அவள் இங்கேதான் பிறந்தாள். அவள் அப்பாவும் இங்கேதான் பிறந்தவர், நீல ஐசிக்காரர். அவரும் அவள் அம்மாவும் கோயிலில் தாலி கட்டிக் கல்யாணம் செய்தார்கள், பதிவு செய்யவில்லை. 1982இலிருந்து நடப்பில் இருக்கும் திருமணச் சட்டப்படி பதிவு இல்லாவிட்டால், பிள்ளையின் குடியுரிமைக்கு அப்பாவைப் பார்க்க மாட்டார்கள், அம்மாவைப் பார்ப்பார்கள். அம்மாவிடமோ பத்திரமே இல்லை. ஆக, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவள். யூ.பி.யூ. அவளுக்கு இல்லை, பி.டி.பி.டி.என். கல்விக் கடனும் இல்லை. பல்கலைக்கழகத்தில் அவள் நிற்க வேண்டியது நீ எரிச்சலோடு பார்த்தாயே, அந்த வெளிநாட்டார் வரிசையில்தான். அவர்கள் கட்டுகிற கட்டணத்தைக் கட்ட அவள் அப்பாவால் ஆகுமா?

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே முன்னுரிமை என்று அடுத்த முறை பேசும்போது, உள்ளூர் என்பதில் இவளையும் சேர்த்துத்தான் பேசுகிறாயா என்று பார்த்துக்கொள்.

சரி, வேலையைப் பார்ப்போம். உன் தம்பி ஐந்தாம் படிவத்தில் இருக்கிறான். மெட்ரிகுலேஷனுக்கும் ஆறாம் படிவத்துக்கும் இரண்டுக்கும் விண்ணப்பிக்கச் சொல். ஒன்றை நம்பி ஒன்றை விடக் கூடாது. புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ்களை நீ இப்போதே கோப்பில் போட்டுவை. யூ.பி.யூ.வில் கேட்டது கிடைக்காவிட்டால் மேல்முறையீட்டுக்குச் சில நாள்கள்தான் இருக்கும், அழுது முடிப்பதற்குள் தேதி போய்விடும். தோழியிடம் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கச் சொல். குடியுரிமை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்படியே எனக்கு எழுது. அவளைப் போன்றவர்களுக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் விண்ணப்பிக்க வழி இருக்கிறது, ஆனால் வயது வரம்பு உண்டு. அவள் வயதையும் எழுது. வரும் சனிக்கிழமை நான் ராசாவுக்கு வருகிறேன், அவள் அப்பாவை வீட்டில் இருக்கச் சொல்.

அன்புடன்,
மாமா
கோலசிலாங்கூர்