மனுவில் கையெழுத்துப் போட்டால் வெளிநாட்டு ஏஜென்டா?

ஈழம் தொடர்பாக காங்கிரஸ் உறுப்பினருக்கு ஒரு மனு என்றாலே, கலிபோர்னியா டப்ளினில் நம்மவர்கள் சிலர் தயங்குகிறார்கள். கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு இந்தப் பயம் கூடுதல். ‘ஃபாராவில் மாட்டிக்கொள்வோம்’ என்கிறார்கள்.

மாட்டமாட்டீர்கள். ஃபாரா எனப்படும் வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டம், நாஜிப் பிரசாரம் அமெரிக்காவுக்குள் மறைவாகப் புகுந்த காலத்தில், 1938இல் வந்தது. யார் சொல்லி இதைச் செய்கிறீர்கள் என்பதுதான் அதன் கேள்வி. வெளிநாட்டு அரசோ கட்சியோ நிறுவனமோ தனிநபரோ கேட்டுக்கொண்டு, அவர்களுக்காக இங்கே அரசியல், விளம்பரம், நிதி திரட்டல் போன்ற வேலை செய்தால்தான் பதிவு. நீங்களாக எழுதும் கடிதம் கொழும்பைச் சாடினாலும் புகழ்ந்தாலும் அது உங்கள் பேச்சுரிமை.

எனக்குக் கவலை தருவது இன்னொரு நம்பிக்கை: ‘நான் அமெரிக்கக் குடிமகன், காசு வாங்காமல் தொண்டாகத்தானே செய்கிறேன்!’ இரண்டுமே காப்பாற்றாது. சட்டம் குடியுரிமையைப் பார்ப்பதில்லை; சம்பளம் வாங்கியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. பாரதிய ஜனதா கட்சியின் வெளிநாட்டு நண்பர்கள் அமைப்பு அமெரிக்காவில் 2020இல் ஃபாராவில் பதிவுசெய்துகொண்டது. சென்னைத் தலைமை சொல்லி இங்கே செனட்டரைப் பார்க்கப் போகும் எந்தக் கட்சியின் அயலக அணிக்கும் இதே விதிதான்.

பதிவு செய்தவர் ஒற்றர் என்பதும் தவறு. வாஷிங்டனின் பெரிய சட்ட நிறுவனங்கள் பலவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒப்பந்த நகல், வாங்கிய தொகை, சந்தித்த ஆட்கள் எல்லாவற்றையும் நீதித்துறையிடம் கொடுக்க வேண்டும்; 6 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்.

பதிவு செய்வது குற்றமில்லை; வேண்டுமென்றே பதிவு செய்யாமல் விடுவதும், அந்தத் தாளில் பொய் எழுதுவதும்தான் குற்றம். போருக்குப் பின் கெட்டுப்போன பெயரைச் சரிசெய்ய, 2014இல் இலங்கை அரசு கலிபோர்னியாத் தொழிலதிபர் இமாத் சுபேரிக்கு 65 லட்சம் டாலர் கொடுத்தது. பெரும்பகுதியை அவர் சொந்தத்துக்கே எடுத்துக்கொண்டு, ஃபாரா பதிவில் பொய் விவரம் தந்தார். காணாமல்போன பிள்ளைகளைத் தேடி வடக்கிலும் கிழக்கிலும் அலைந்த தாய்மாரின் வரிப்பணமும் சேர்ந்த பொதுப்பணம் அது. பதிவில் பொய் சொன்னதையும் வரி ஏய்ப்பையும் சட்டவிரோதத் தேர்தல் நன்கொடையையும் ஒப்புக்கொண்ட சுபேரிக்கு 2021இல் 12 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2025இல் அதிபர் டிரம்ப் அதைக் குறைத்தார்.

அதே ஆண்டு பிப்ரவரியில், ஃபாரா குற்ற வழக்குகளை ஒற்றுவேலை போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வதாக நீதித்துறை அறிவித்தது. சட்டமே போய்விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். பதிவுக் கடமை அப்படியேதான் இருக்கிறது.

மருந்து, உணவு, உடைக்காகத் திரட்டும் நிதிக்கு ஃபாராவில் விலக்கு உண்டு. ஆனால் 1997 முதல் அமெரிக்காவின் தடைப்பட்டியலில் உள்ள விடுதலைப் புலிகள் அமைப்புக்கு உதவுவது வேறு சட்டத்தின் கீழ் வரும் குற்றம். அங்கே இந்த விலக்கு செல்லாது.

ஏதாவது ஒரு நாட்டின் துணைத் தூதரகத்திலிருந்து போன் வந்து, ‘இந்தத் தீர்மானத்தை எதிர்த்து உங்கள் சங்கத்தாரை எழுதச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், சரி என்று சொல்வதற்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். ஒப்புக்கொண்டபின் பதிவுக்கு 10 நாள்தான் அவகாசம்.