ஆண்மகவிற்குப் பெயரிடுதல்

நன்னூலார் பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகைப்படுத்தினர். மரம், மலை என்பன காரணங் கருதாது இட்டு வழங்குவன. பறவை, அணி என்பன காரணம் பற்றி வழங்குவன. இது நம் பாடசாலைகளில் இளவகுப்பிலேயே படிப்பிக்கப்படும் பாடம். அதனைக் கேட்டிருக்கும் மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, என்னுடைய பெயர் இவற்றுள் எவ்வகையது?" என வினாவுவானாயின் நாம் யாது விடை சொல்வோம்? அவன் பெயர் கதிர்காமநாதன் என்பதாயின் விடை எளிது. பொருள்படாத சில ஒலிகளை ஒன்றுசேர்த்து இட்ட பெயராயின், பிள்ளையின் முகம் வாடாதபடி விடை சொல்லுதல் அரிது. ஆதலின் இப்பொருளைச் சிறிது ஆராய்வாம்.

பெயரிடுதல் பெற்றோர் காரியமன்றோ, ஆசிரியர்க்கு அதனால் ஆவது என்னை எனின், கூறுதும். பெற்றோர் பெயரை ஒருமுறை இடுகின்றனர். ஆசிரியர் அதனை நாடோறும் இடாப்பைப் பார்த்து அழைக்கின்றனர். அன்றியும், கிராமங்களில் மகப்பெற்றோர் நல்லதொரு பெயர் சொல்லுமாறு கேட்டு வருவதும் ஆசிரியரிடத்தேயாம். கேட்டவிடத்துச் சொல்ல அறிந்திருத்தல் நம் தொழிலின் பாற்பட்டதே.

1. பெரியபுராணம் உணர்த்துவது

சேக்கிழார் சுவாமிகள் பெயர் வந்த காரணங்களைப் பலவிடத்தும் விளங்க வைத்திருக்கின்றனர். அவற்றுள் மூன்றை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

வேடர் தலைவனாகிய நாகன் முருகக் கடவுளை வேண்டிப் பெற்ற மகவைக் கையில் ஏந்தியபோது, அது திண்ணெனக் கனத்தமையால் திண்ணன் என்று பெயரிட்டான். அப்பிள்ளையே வளர்ந்து, திருக்காளத்தியில் இறைவர் திருக்கண்ணிற் குருதி கண்டு தம் கண்ணை இடந்து அப்பினார். அப்பொழுது இறைவர் அவரைக் கண்ணப்பன் என அழைத்தருளினார். தந்தை இட்ட பெயர் உடம்பின் இயல்பு பற்றியது. இறைவர் இட்ட பெயர் செயல் பற்றியது. உலகம் இரண்டாவதனையே பெரிதும் வழங்குகின்றது.

திருவாமூரிற் புகழனாரும் மாதினியாரும் தம் புதல்வர்க்கு இட்ட பெயர் மருணீக்கியார் என்பது. மருளை நீக்குபவர் என்பது அதன் பொருள். அவர் சமண சமயம் புக்க காலத்துத் தருமசேனர் எனப்பட்டார். திருவதிகையிற் சூலைநோய் நீங்கிப் பாடியபின் நாவுக்கரசர் எனப்பட்டார். திருஞானசம்பந்தப் பிள்ளையாரால் அப்பர் என அழைக்கப்பட்டார். பிற்காலத்து வாழ்வு முழுதும் பெற்றோர் முதலில் இட்ட பெயரின் பொருளை மெய்ப்பித்தமை நோக்கத்தக்கது.

திங்களூர் அப்பூதியடிகளோ திருநாவுக்கரசரைக் காண்பதற்கு முன்னரே, அவர்தம் திருத்தொண்டைக் கேள்வியுற்று, மூத்த மகனுக்கும் இளைய மகனுக்கும் திருநாவுக்கரசு என்றே பெயரிட்டார். தம் வீட்டு அளவைகளுக்கும், ஆவினங்களுக்கும், தாம் வைத்த தண்ணீர்ப்பந்தருக்கும் அப்பெயரே சூட்டினார். ஈண்டு ஆசிரியர்கள் ஓர்ந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அப்பூதியார் பெயரை மாத்திரம் வைத்தாரல்லர். பெயர் வைத்த இடத்தில் வழிநடந்து வருந்தினார்க்குத் தண்ணீரும் வைத்தார். பெரியாருடைய பெயரைப் பிள்ளைக்கு இடுவோர், அப்பெரியாருடைய ஒழுக்கத்தையும் வீட்டில் வைத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

2. நம் நாட்டு வழக்கம்

தலைமகனுக்குப் பாட்டன் பெயரை இடுதல் தமிழர் தொன்றுதொட்டுக் கொண்ட வழக்கம். பெயரைத் தாங்குவோன் என்னும் பொருள்பற்றியே மகன் மகன் பெயரன் எனப்பட்டு, அது பேரன் என மருவிற்று. யாழ்ப்பாணத்திற் பாட்டனையும் பேரன் என்னும் வழக்குண்டு. இருவரும் ஒரு பெயரால் இணைந்தவர் என்பது அச்சொல்லாலே விளங்கும்.

ஒரு தெய்வத்தின் திருநாமங்களைத் தலைமுறைதோறும் மாற்றி இடுதலும் உண்டு. நல்லூரிற் கந்தப்பிள்ளை என்பவர்க்கு 1822 ஆம் ஆண்டிற் பிறந்த புதல்வர்க்கு ஆறுமுகம் என்று பெயரிடப்பட்டது. தந்தை பெயரும் மகன் பெயரும் முருகன் பெயரே. நாவலர் என்பது 1849 ஆம் ஆண்டிலே திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர் புலமைக்கு அளித்த பட்டம். இங்கும் இட்ட பெயரோடு ஈட்டிய பெயர் சேர்ந்து நிற்றல் காண்க.

தலங்களின் பெயரால் அமைந்தன பல. கோணேசபிள்ளை, கேதீசுவரன், கதிர்காமத்தம்பி என்பன போல்வன அவை. திருக்கோணேச்சரம் திருஞானசம்பந்தராற் பாடப்பெற்றது; திருக்கேதீச்சரம் அவராலும் சுந்தரராலும் பாடப்பெற்றது. இப்பெயருடைய பிள்ளைக்கு அவன் பெயரைக் கொண்டே ஈழநாட்டுச் சரித்திரத்தையும் தேவாரத்தையும் தொடங்கிக் கற்பிக்கலாமன்றோ?

இனி, பெயரிழந்த வரலாறும் அறியத்தக்கது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் 1823 ஆம் ஆண்டில் நிறுவி 1855 ஆம் ஆண்டுவரை நடாத்திய செமினரியில், பொருளுதவிய அமெரிக்கர் பெயர்களை மாணாக்கர்க்கு இடும் வழக்கம் இருந்தது. சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். விசுவநாதபிள்ளை கறோல் ஆனார். அவர்கள் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. ஆயினும் 1886 ஆம் ஆண்டிற் பாவலர் சரித்திர தீபகம் வெளியிட்டவரை நாம் இன்றும் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என இரு பெயரும் சேர்த்தே சொல்கின்றோம். பெற்றோர் இட்ட பெயர் எளிதில் அழிவதன்று.

பிறர் செய்ததனை மாத்திரம் சொல்லி நம்மவர் செய்ததனை மறைத்தல் நடுவுநிலைமையன்று. ஒரு குடியிற் பிறந்தவனைக் கந்தசுவாமி எனவும், ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்தவனைக் கந்தன் எனவும் குறைத்து எழுதியும் அழைத்தும் வந்த கொடுமை நம்மூர்களில் நெடுங்காலம் இருந்தது. இடாப்பெழுதிய கைகளும் அதற்கு உடன்பட்டன. அறுபத்துமூவரையும் குலம் நோக்காது நாயனார் என வணங்கும் சைவர்க்கு இது பெரும்பழி. திருநாமம் ஒருவர் குடிக்கு உரிய சொத்தன்று.

3. எழுத்தும் எண்ணும்

நட்சத்திரம் 27, பாதம் 108. பாதந்தோறும் ஒவ்வோர் எழுத்தைச் சோதிட நூலார் வகுத்தனர். கார்த்திகைக்கு அ, இ, உ, எ என்பனவும், உரோகிணிக்கு ஒ, வ, வி, வு என்பனவும் சொல்லப்படும். இவ்வெழுத்துக் கிடைத்தபின், அதனை முதலாகவுடைய பெயர் எதுவாயினும் ஆகுக எனப் பொருளாராயாது பெயர் புனைதலே இந்நாளிற் பெருகிய குறை. திருவாதிரை மூன்றாம் பாதத்திற்குரிய எழுத்து ங என்பது. அவ்வெழுத்தில் தொடங்கும் ஆண்பெயர் தமிழில் யாதுளது? சோதிட நூலாரும் அங்கே வேறெழுத்துக் கொள்ள இடந்தருவர். நாண்மீன் பெயரை மறைபெயராக வைத்து, வழங்கும் பெயரை வேறாக இடுதலும் பழைய நூல்கள் ஒப்பியதே. ஆதலின் எழுத்தை மதிப்போரும் பொருளை இழக்கவேண்டுவதில்லை.

எண்சோதிடமோ இன்னும் அயலானது. ஆங்கில எழுத்துக்களுக்கு ஒன்று முதல் எட்டுவரை எண் கொடுத்துக் கூட்டும் முறையைப் பரப்பியவர் 1936 ஆம் ஆண்டில் இறந்த கீரோ என்பவர். அக்கணக்கு ஆங்கில நெடுங்கணக்கையே நோக்குவது. முருகன் என்னும் சொல்லுக்கு அழகன் என்னும் பொருளுண்மையை அஃது அறியாது. அக்கணக்குக்காக ஆங்கிலத்தில் ஓரெழுத்தைக் கூட்டியும் ஓரெழுத்தைக் குறைத்தும் எழுதுவதால், பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் ஒருவாறும், க.பொ.த. பரீட்சை விண்ணப்பத்தில் ஒருவாறும், தேசிய அடையாள அட்டையில் ஒருவாறும் பெயர் அமைந்து பிள்ளைகள் அலைவதே கண்ட பயன்.

4. தெரிந்திடும் முறை

பெற்றோர் கேட்டவிடத்து ஆசிரியர் பின்வருவனவற்றை எடுத்துரைக்க.

முதலாவது, பொருள். பெயரின் பொருளைத் தாய் ஒரு வாக்கியத்திற் சொல்லக்கூடியதாய் இருத்தல் வேண்டும். பிள்ளை முதலிற் கேட்கப்போவது தாயிடத்தேயாம்.

இரண்டாவது, எழுத்து. தமிழெழுத்தாற் பிழையின்றி எழுதவும், ஐந்து வயதுப் பிள்ளை தானே சொல்லவும் கூடியதாதல் நன்று.

மூன்றாவது, அளவு. சிவஞானசுந்தரம் முதலியன சிறந்த பெயர்களே. ஆயினும் வீட்டில் முழுதும் அழைக்க மனமில்லாதவர், குறைத்துச் சிதைப்பதிலும் குமரன், வேலன், சேந்தன், நம்பி, ஆரூரன், சம்பந்தன், அம்பலவாணன் என்பவற்றுள் ஒன்றை இட்டு முழுதும் அழைத்தல் மேலானது. அழைக்குந்தோறும் இறைவன் பெயரையோ அடியார் பெயரையோ நா உச்சரித்தற்பொருட்டே முன்னோர் இப்பெயர்களைத் தெரிந்தனர். குறைத்துவிடின் அப்பயன் போம்.

நான்காவது, பருவம். மழலைக்கு அழகாயிருப்பது மாத்திரம் போதாது; அவன் முதியவனாகிச் சபையில் அமர்ந்தபோதும் அப்பெயர் பொருந்துவதாதல் வேண்டும்.

காலமும் உண்டு. துடக்குக் கழியும் 31 ஆம் நாளிற் பெரியவர் ஒருவர் குழந்தையின் செவியிற் பெயரை மும்முறை சொல்லுதல் நம் மரபு. 1951 ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பிறப்பை அறிவித்தற்கு 42 நாளைத் தவணையாக வைத்தது. பிறக்குமுன்னரே இரண்டு மூன்று பெயர்களை ஆராய்ந்து வைத்திருப்போர்க்கு, பதிவுமேசையின்முன் நின்று அவசரத்திற் பெயர் புனையும் இடர் வாராது.

5. ஆசிரியர் கடன்

இனி, பொருளில்லாத பெயரோடு ஏற்கனவே நம் வகுப்பில் இருக்கும் பிள்ளையை என் செய்வது? அவனை நகைத்தலும், பெயரை மாற்றி அழைத்தலும் எக்காலத்தும் தகா. அது அவன் தாய் தந்தையர் அன்பினால் இட்டது. முன்னே கேட்ட வினாவிற்கு விடையும் இங்கேயே உள்ளது. "தம்பி, உன் பெயர் இன்று இடுகுறி, அதனைக் காரணப்பெயராக்குதல் உன் கையில் உள்ளது. நீ நன்றாய் வாழ்ந்தால், இப்பெயரைக் கேட்போர் உன் நற்செயலையே அதற்குப் பொருளாகக் கொள்வர்" என்று சொல்லுக. கண்ணப்பர் சரித்திரத்தையும் உடன் சொல்லுக. அவன் முகம் மலர்தல் காண்பீர்கள்.

இடாப்பில் உள்ள பெயரைச் சாட்சிப்பத்திரத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்தமாக எழுதுக. எக்குடிப் பிள்ளையையும் ஒரே மதிப்போடு, பெயரைக் குறையாமல் அழைக்க. பட்டப்பெயரிட்டு அழைக்கும் பழக்கத்தை வகுப்பில் விலக்குக.

மாணாக்கர்க்கு அப்பியாசம்

1. உன் பெயரின் பொருள் யாது? வீட்டிற் கேட்டு எழுதுக.
2. உன் பெயரை இட்டவர் யார்? அப்பெயரைத் தெரிந்ததற்குக் காரணம் என்ன?
3. திண்ணனார் கண்ணப்பர் ஆனது எவ்வாறு?
4. அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தருக்குத் தம் பெயரை இடாமைக்குக் காரணம் யாது?
5. உன் ஊர்க் கோயிலின் இறைவன் திருநாமத்தால் அமைந்த ஆண்பெயர் மூன்று எழுதுக.