யாரை எழுப்பவில்லை?

கேள்வி:

நானும் என் கணவரும் நியூஜெர்சியில் ஒரு சின்ன காபிக் கடை நடத்துகிறோம். ஒன்பது வருடம் ஆகிறது. மொத்தம் 14 இருக்கைகள். வாசலிலேயே பஸ் நிறுத்தம். குளிர்காலத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். காபி வாங்க வந்தவர்கள் இடமில்லாமல் திரும்பிப் போவார்கள். அதனால் "வாங்குபவர்களுக்கு மட்டுமே இருக்கையும் கழிப்பறையும்" என்று போர்டு வைத்தோம்.

போன மாதம் வயதான கறுப்பினத்தவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்கள் கடைப் பையன் போர்டைக் காட்டி, ஏதாவது வாங்குங்கள், இல்லையென்றால் வெளியே நில்லுங்கள் என்றான். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். கல்லூரியில் படிக்கும் என் மகள் அப்போது கடையில் இருந்தாள். மூலை மேஜையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் எதுவும் வாங்காமல் ஒரு மணி நேரமாக லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். அவனைக் காட்டி, "அவனை ஏம்மா எழுப்பல?" என்று கேட்டாள். சத்தியமாக நான் அவனைக் கவனிக்கவே இல்லை.

அன்றிலிருந்து மகள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அந்தப் பெரியவர் செவ்வாயும் வெள்ளியும் மூன்றரை மணிக்கு வருவார். இப்போது வெளியே குளிரிலேயே நிற்கிறார். நாங்கள் செய்தது இனப் பாகுபாடா? இந்த ஊரில் நாங்களும் நிறம் குறைந்தவர்கள்தானே? போர்டை எடுத்துவிட வேண்டுமா? கடைப் பையனை நிறுத்திவிடலாம் என்கிறார் என் கணவர்.

— ஒரு வாசகி, நியூஜெர்சி

பதில்:

அம்மா, "சத்தியமாக நான் அவனைக் கவனிக்கவே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே நான் நின்றுவிட்டேன். அதை முழுதாக நம்புகிறேன். உங்கள் முதல் கேள்விக்குப் பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தவன் யார் கண்ணையும் உறுத்தவில்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்தவர் உறுத்திவிட்டார். பாகுபாட்டுக்குக் கடுஞ்சொல்லோ முறைப்போ வேண்டியதில்லை. யாரைக் கண்டதும் போர்டு ஞாபகம் வருகிறது என்பதிலேயே அது நடந்து முடிந்துவிடுகிறது. ஆமாம், உங்கள் கடையில் அன்று நடந்தது பாகுபாடுதான். உங்கள் மகள் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள்.

உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத பிலடெல்பியாவில் 2018 ஏப்ரல் 12 அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். ரிட்டன்ஹவுஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில், 18ஆவது தெருவும் ஸ்புரூஸ் தெருவும் சந்திக்கும் முனையில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடை. 23 வயதான இரண்டு கறுப்பின இளைஞர்கள் ஒரு தொழில் பேச்சுக்காக அங்கே வந்தார்கள். சந்திக்க வேண்டியவர் இன்னும் வந்திருக்கவில்லை. ஒருவர் கழிப்பறையைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். வாங்குபவர்களுக்கு மட்டும்தான் என்று பதில் வந்தது. இருவரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் உள்ளே நுழைந்து சுமார் இரண்டே நிமிடத்தில், இரண்டு பேர் வாங்கவும் மாட்டேன் போகவும் மாட்டேன் என்கிறார்கள் என்று மேலாளர் 911க்குப் போன் செய்துவிட்டார். போலீஸ் வந்தது. அவர்கள் காத்திருந்த வெள்ளைக்கார நண்பர் வந்து, இவர்கள் என்ன தப்பு செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே கைகளில் விலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள். நள்ளிரவு தாண்டித்தான் விட்டார்கள். வழக்குத் தொடர மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் மறுத்துவிட்டது.

கடையில் இருந்த ஒருவர் எடுத்த வீடியோவால்தான் இது உலகத்துக்குத் தெரிந்தது. தாங்களும் வாங்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகவும், தங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்றும் அங்கிருந்தவர்கள் சொன்னதாக அப்போது செய்திகள் வந்தன. உங்கள் மூலை மேஜைப் பையன் அங்கேயும் இருந்திருக்கிறான்.

பிறகு அந்த நிறுவனத்தின் தலைவராக அப்போது இருந்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ், வாங்குபவர்களுக்குத்தான் கழிப்பறை என்று ஒரு தளர்வான வழக்கம் இருந்தது, யாருக்கு அதைச் சொல்வது என்பதை மேலாளர் முடிவுசெய்வார் என்று விளக்கினார். என் பார்வையில் குற்றத்தின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. விதி எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருக்கும். அதை எடுத்துச் சொல்வதா, கண்டும் காணாமல் விடுவதா என்பது மட்டும் கல்லாவில் நிற்பவரின் அந்த நேரத்து மனதைப் பொறுத்தது. அந்த மனதுக்குள் என்னென்ன ஊறியிருக்கிறதோ அத்தனையும் விதியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடை உங்கள் இடம். போகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. போகச் சொன்ன பிறகும் ஒருவர் நகராவிட்டால் அது அத்துமீறல் என்ற குற்றமாகும். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த மனிதர் உங்கள் ஒரு வார்த்தையில் குற்றவாளி ஆகிவிடுகிறார். இவ்வளவு கூர்மையான ஆயுதத்தைப் பத்தொன்பது இருபது வயதுப் பையன் கையில் கொடுத்துவிட்டு, பார்த்து நடந்துக்கோ என்று சொன்னால் போதாது. பிலடெல்பியா காவல்துறைத் தலைவர் முதலில் தன் ஆட்கள் செய்தது சரி என்று வாதாடினார். ஒரே வாரத்தில் மன்னிப்புக் கேட்டார். நகர நிர்வாகம் அந்த இருவருக்கும் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்தது, இளம் தொழில்முனைவோருக்காக 2 லட்சம் டாலர் ஒதுக்கியது. ஒரு டாலர் போதும் என்று அந்த இளைஞர்களே ஒப்புக்கொண்டார்கள். அந்த வயதில் எனக்கு அவ்வளவு நிதானம் இருந்திருக்குமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

"வாங்கினால் உட்காரலாம், இதில் நிறம் எங்கே வந்தது?" என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். அமெரிக்க வரலாறு தெரிந்த கறுப்பினத்தவர் காதில் அந்தக் கேள்வி வேறு மாதிரி விழும். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடைக்குப் போனார்கள். முதலில் வேறு கவுன்டரில் சில சாமான்கள் வாங்கினார்கள். அங்கே காசை வாங்கிக்கொண்டார்கள். பிறகு அதே கடையின் சாப்பாட்டு கவுன்டரில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். தர மறுத்துவிட்டார்கள். அவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். பிறகு தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவியது. அந்த கவுன்டர் கறுப்பினத்தவருக்குத் திறக்க ஜூலை மாதம் ஆயிற்று. ஆகவே அந்தப் பெரியவரின் தலைமுறைக்கு, கையில் காசு இருந்தும் எழுப்பி விடப்பட்ட ஞாபகம் உண்டு. உங்கள் பையன் போர்டைக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசாமல் எழுந்தார் என்கிறீர்கள். வாழ்நாள் முழுக்கப் பழகிய மௌனமாக அது இருந்திருக்கலாம்.

"நாங்களும் நிறம் குறைந்தவர்கள்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் சொல்லையே பாருங்கள். பெண் பார்க்கப் போகும் வீடுகளில் "பொண்ணு நிறம் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிப் பழகிய வாய் நம்முடையது. நிறத்துக்கு ஏற்ற இறக்கம் வைத்துப் பார்ப்பதை நாம் விமானத்தில் ஏறும்போது விட்டுவிட்டு வரவில்லை. இங்கே வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே, எந்தத் தெருப் பக்கம் போகக்கூடாது, யாரைக் கண்டால் ஒதுங்க வேண்டும் என்று நம்மவர்களே நமக்குப் பாடம் எடுக்கிறார்கள். டீக்கடையில் தனிக் குவளை வைத்து, காசு கொடுத்தவரையே வெளியே குந்தவைத்துக் குடிக்கச் சொன்ன ஊர்களும் நம்முடையவைதான். கடைக்கும் உணவகத்துக்கும் ஓட்டலுக்கும் யாரும் வருவதைச் சாதி, மதம், இனம் சொல்லித் தடுக்கக்கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவிலேயே எழுதிவைக்க வேண்டிய நிலை நம் நாட்டில் இருந்தது. இதைச் சொல்லி உங்களைக் குத்திக்காட்ட எனக்கு விருப்பமில்லை. அவமானப்படுத்தப்பட்ட அனுபவம் இருப்பதாலேயே அடுத்தவரை அவமானப்படுத்த மாட்டோம் என்று நம்பிவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் இரண்டாம் பகுதி ஓட்டல், உணவகம், திரையரங்கு போன்ற இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது. காபிக் கடையும் அதில் வரும். ஆனால் அதன் கீழ் நஷ்டஈடு வாங்க முடியாது. தவறை நிறுத்தும் உத்தரவுதான் கிடைக்கும். 1866ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. அது ஒப்பந்தம் செய்யும் உரிமையைப் பற்றியது என்பதால், வாங்கவே முயலாதவருக்கு அதில் வழக்கு நிற்பது கடினம். அதனால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். உங்கள் மாநிலத்தின் பாகுபாட்டுத் தடுப்புச் சட்டம் 1945இலேயே வந்தது. பொது இடங்களின் வசதிகள் எல்லாவற்றையும் அது தழுவுகிறது. 180 நாட்களுக்குள் மாநிலத்தின் குடிமை உரிமைகள் பிரிவில் புகார் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள் நீதிமன்றத்துக்கும் போகலாம். அந்தப் பெரியவர் போவார் என்று எனக்குத் தோன்றவில்லை. போகமாட்டார் என்பதற்காக நாம் சும்மா இருக்கவும் முடியாது.

போர்டை எடுக்க வேண்டுமா என்றால், கட்டாயமில்லை. 14 இருக்கை வைத்து வாடகை கட்டுகிற கடை தர்ம சத்திரமாக இருக்க முடியாது. ஸ்டார்பக்ஸ் 2018 மே மாதம், உள்ளே வரும் எல்லாரும் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வாடிக்கையாளரே என்று அறிவித்தது. மே 29 அன்று 8,000க்கும் மேற்பட்ட கடைகளைப் பிற்பகலில் மூடி, சுமார் 1,75,000 ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 2025 ஜனவரியில் அதே நிறுவனம் அந்தத் திறந்த கதவை மூடிவிட்டு, வாங்குபவர்களுக்கே இடம் என்ற விதிக்குத் திரும்பியது. அப்படித் திரும்பியதை மட்டும் வைத்து நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன். எல்லாருக்கும் திறந்திருந்தபோது யாரை எழுப்புவது என்ற கேள்வியே கல்லாவில் எழவில்லை. இப்போது அது மறுபடியும் எழும். ஒரே பிற்பகலில் கொடுத்த பயிற்சி அதைத் தாங்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

உங்கள் கடைக்கு நான் சொல்வது இது. விதியை நேரத்தோடு கட்டுங்கள். வாங்காமல் இருபது நிமிடம் உட்காரலாம் என்று போர்டிலேயே எழுதுங்கள்; அது முடிந்தால் யாராக இருந்தாலும் ஒரே வாக்கியத்தில், ஒரே குரலில் சொல்ல வேண்டும். கடை காலியாக இருந்தால் யாரிடமும் சொல்ல வேண்டாம். நிறைந்திருந்தால் அதிக நேரம் உட்கார்ந்தவரிடமிருந்து தொடங்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் அன்று முதலில் எழுந்திருக்க வேண்டியவன் லேப்டாப் பையன். கழிப்பறைச் சாவியை எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள் என்பது என் ஆசை. முடியாதென்றால் கதவைத் திறக்கும் எண் ரசீதில் அச்சாகும்படி செய்யுங்கள், முகம் பார்த்துக் கொடுக்க வழியிருக்காது. 911 என்பது அடிதடிக்கும் ஆபத்துக்கும் மட்டும். உட்கார்ந்திருப்பதற்காக யாரும் போனை எடுக்கக்கூடாது. அப்படி எடுப்பதாக இருந்தால் உங்களையோ உங்கள் கணவரையோ கேட்காமல் எடுக்கக்கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு. ஒருவரை எழுப்பும் ஒவ்வொரு முறையும் அவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார், அந்த நேரத்தில் வாங்காமல் வேறு யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதுங்கள். எழுப்பியவரை நம் மனம் ஞாபகம் வைத்துக்கொள்ளும், விட்டவரை மறந்துவிடும். அந்தக் கணக்கு தாளில் இருந்தால்தான் கண்ணில் படும். இரண்டு மாதம் கழித்து மகளோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

கடைப் பையனை நிறுத்தாதீர்கள். அவன் நீங்கள் வைத்த போர்டைத்தான் காட்டினான். பிலடெல்பியா விவகாரத்துக்குப் பிறகு வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு வெள்ளைக்கார மண்டல மேலாளர், தான் வெள்ளையர் என்பதால்தான் நீக்கினார்கள் என்று வழக்குப் போட்டார். கைது நடந்தபோது அவர் அந்தக் கடையிலேயே இல்லை. 2023 ஜூனில் உங்கள் மாநிலத்து ஃபெடரல் நீதிமன்ற ஜூரி அவருக்கு 2 கோடியே 56 லட்சம் டாலர் தரச் சொன்னது. கோபத்தைத் தணிக்க யாரோ ஒருவரைப் பலி கொடுப்பதும் அநியாயம்தான். பையனை உட்காரவைத்து, அன்று நடந்ததை நீங்கள் இருவரும் சேர்ந்து பேசுங்கள். நீங்களும் கவனிக்கவில்லை என்பதை அவனிடம் முதலில் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவரிடம் நீங்கள் நேரில் பேச வேண்டும். பையனை அனுப்ப வேண்டாம். அவர் உள்ளே வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், வரமாட்டார். வெளியே போய், அன்று உங்களை எழுப்பியது தவறு, உங்களைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தவரை நாங்கள் எழுப்பவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். "ஆனால்" என்று ஆரம்பிக்கும் வாக்கியம் எதுவும் வேண்டாம். மன்னிப்புக்குப் பதிலாக ஒரு காபியை நீட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியிலேயே நிற்கலாம். கோபமாக ஏதாவது சொன்னாலும் சொல்லலாம். கேட்டுக்கொண்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு என்று எழுதியிருந்தீர்கள். மூன்றே காலுக்கே கோட்டைப் போட்டுக்கொண்டு நிறுத்தத்தில் போய் நில்லுங்கள்.