ரை இல்லாத சாஸராக்

அன்புள்ள தம்பி,

உங்கள் பாருக்கு ரை விஸ்கி வருவதில்லை, சாஸராக்கை மெனுவிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. ஒன்று கிடைக்காதபோது இன்னொன்றை ஊற்றி ஊற்றித்தான் இந்தக் காக்டெயிலே வளர்ந்தது.

19ஆம் நூற்றாண்டு நியூ ஆர்லியன்ஸில் பேஷோ என்ற மருந்துக்கடைக்காரர் தன் பெயரிலேயே ஒரு பிட்டர்ஸ் விற்றார். சாஸராக் என்பது அங்கே இறக்குமதியான பிரெஞ்சு கோன்யாக்கின் பெயர். முதலில் ஊற்றியது அதைத்தான் என்கிறது அந்த ஊர். பிலாக்ஸெரா பூச்சி பிரான்ஸின் திராட்சைக் கொடிகளை வேரில் தின்றது, கோன்யாக் அரிதாயிற்று, ரை உள்ளே வந்தது. கிளாஸில் விட்டுச் சுழற்றும் அப்சிந்தை 1912இல் அமெரிக்கா தடைசெய்தது. 1934இல் ஹெர்ப்செயின்ட் என்ற சோம்பு மணக்கும் சரக்கு அந்த இடத்தைப் பிடித்தது.

(பேஷோதான் காக்டெயிலையே கண்டுபிடித்தார் என்று வாடிக்கையாளரிடம் அளக்காதே. 1806இலேயே நியூயார்க் மாநிலப் பத்திரிகை ஒன்று காக்டெயிலுக்கு விளக்கம் எழுதிவிட்டது. பேஷோ அப்போது குழந்தை!)

ஆகவே மாற்றலாம். எதை எடுக்கிறாயோ அது என்ன வேலை செய்தது என்று தெரிந்து மாற்று. ரை தருவது மிளகுக் காரமும் வறட்சியும். போர்பன் ஊற்றினால் மக்காச்சோளத்தின் இனிப்பு முந்திக்கொள்ளும், சர்க்கரையைக் குறை. கோன்யாக் இருந்தால் தயங்காமல் ஊற்று. பேஷோ பிட்டர்ஸில் மட்டும் கை வைக்காதே. அங்கோஸ்டுரா பிட்டர்ஸின் கிராம்பு, பட்டை வாசனை விஸ்கியின் மேல் கனமாக உட்காரும். பேஷோ சிவப்பு நிறம், சோம்பும் பூமணமுமாக லேசானது, அப்சிந்தோடு ஒட்டிப்போகும்.

ஒரு கிளாஸை ஐஸ் போட்டுக் குளிரவை. இன்னொன்றில் சர்க்கரைக் கட்டி ஒன்று, பிட்டர்ஸ் மூன்று நான்கு உதறல். நசுக்கி, 60 மில்லி விஸ்கியும் ஐஸும் சேர்த்துக் கலக்கு. குலுக்காதே, கலங்கிவிடும். முதல் கிளாஸின் ஐஸைக் கொட்டிவிட்டு அரை ஸ்பூன் அப்சிந்த் விட்டுச் சுழற்று, மிச்சத்தைக் கொட்டு. கொட்ட மனம் வராமல் விட்டுவைத்தால் மருந்துக்கடை வாடைதான் வரும். கலக்கியதை அந்தக் கிளாஸில் வடிகட்டி ஊற்று. ஐஸ் கிடையாது.

கடைசியில் எலுமிச்சைத் தோல். தடித்த மஞ்சள் எலுமிச்சையாக இருக்கட்டும்; நம்மூர்ச் சிறு எலுமிச்சைத் தோலின் மணம் வேறு. கிளாஸின் மேலே முறுக்கினால் எண்ணெய் தெறிப்பது வெளிச்சத்தில் தெரியும். தோலை உள்ளே போடுவதா எறிவதா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. நான் எறிகிற கட்சி.

அன்புடன்,
அண்ணன்